இடம் பெருக்கும் முன் நகல் பெருக்கு

புராஜெக்ட் ரிவ்யூ தேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் போதும். கடலூர், சிதம்பரம் பக்கம் எந்தக் கல்லூரி விடுதிக்குப் போனாலும் இந்தப் புலம்பல் கேட்கும். "மச்சி, விஎம்ல டிஸ்க் ஃபுல்லுடா. எப்படிப் பெருசாக்குறது?" பக்கத்து ரூமிலிருந்து உடனே பதில் வரும். "ஒரே ஒரு கமாண்டுதாண்டா, அடிச்சு விடு."

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் பாதிப் பதில். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கை நீட்டுவது அப்படியொன்றும் ஆபத்தான வேலை இல்லை. ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டு நீட்டுவதுதான் ஆபத்து. லேபில் இதைச் சொல்லித் தர வேண்டும், மார்க்கும் போட வேண்டும்.

கம்ப்யூட்டர் பிரிவில் இல்லாத நண்பர்களுக்காக நாலு வரி. விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போட்டு அதற்குள் உபுண்டு ஓட்டுகிறோமே, அதுதான். உள்ளே இருக்கும் உபுண்டு, தனக்கென்று ஒரு ஹார்டு டிஸ்க் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அது உங்கள் லேப்டாப்பில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல். மூன்று மாத உழைப்பு, டேட்டாபேஸ், புரோகிராம், ரிப்போர்ட்டுக்கு எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாமே அந்த ஒற்றை ஃபைலுக்குள். முதல் நாள் இன்ஸ்டால் பண்ணும்போது "20 ஜிபி போதும்" என்று நெக்ஸ்ட், நெக்ஸ்ட் தட்டியிருப்போம். அது நிரம்பும்போது ரிவ்யூவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி இருக்கும்.

மனை, பட்டா, வீடு

டிஸ்க்கை நீட்டுவதில் மூன்று அடுக்கு இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வாங்கிய அன்றே வீடு பெரிதாகிவிடுமா? பட்டாவில் புது அளவு ஏற வேண்டும். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டு அறையை இழுத்துக் கட்ட வேண்டும். இங்கே டிஸ்க் என்பது மனை, பார்ட்டிஷன் டேபிள் என்பது பட்டா, ஃபைல் சிஸ்டம் என்பது வீடு.

ரூம்மேட் சொன்ன அந்த ஒரே கமாண்டு மனையை மட்டும்தான் வாங்கும். விர்ச்சுவல்பாக்ஸில் இந்த வசதி 2010 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. 20 ஜிபியை 40 ஆக்கிவிட்டு உபுண்டுவைத் திறந்தால் உள்ளே அதே பழைய 20 தான் தெரியும். "வேலை செய்யல போல" என்று பதற்றத்தில் கண்டதையும் தட்ட ஆரம்பிக்கிறோம் பாருங்கள், பாதி விபத்து அங்கேதான் நடக்கிறது.

அடுத்தது பட்டா. எஃப்டிஸ்க் என்ற பழைய கருவியில் இதைச் செய்யும் முறை பார்க்கவே பயமாக இருக்கும். இருக்கும் பார்ட்டிஷனை அழித்துவிட்டுப் பெரிய அளவில் மறுபடி எழுத வேண்டும். பட்டாவைக் கிழித்தால் வீடு இடிந்துவிடாது, அதுபோல இதில் டேட்டாவும் போகாது. ஒரு நிபந்தனை உண்டு. தொடக்க எல்லைக்கல் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். பழைய கருவிகள் முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கின. இப்போதையவை 2048-இல் தொடங்குகின்றன. சீனியரிடமிருந்து வழிவழியாக வந்த ஒரு பழைய விஎம்மைப் புது எஃப்டிஸ்க்கில் திறந்து, கேட்டதற்கெல்லாம் என்டர் தட்டினால் எல்லைக்கல் நகர்ந்துவிடும். வீடு அங்கேயேதான் இருக்கும், ஆனால் பட்டா வேறு இடத்தைக் காட்டும். மெஷின் பூட் ஆகாது. எனவே பழைய தொடக்க எண்ணை முதலில் ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். நடுவில் "இங்கே ஈஎக்ஸ்டி4 அடையாளம் இருக்கிறது, நீக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கையால் செய்ய பயம் என்றால் ஜிபார்ட்டட், குரோபார்ட் மாதிரி கருவிகள் தொடக்கத்தைத் தொடாமல் முடிவை மட்டும் நகர்த்தித் தரும்.

பட்டாவில் இன்னும் இரண்டு சிக்கல். பழைய உபுண்டு இன்ஸ்டாலில் டிஸ்க்கின் கடைசியில் ஸ்வாப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். நம் வீட்டுக்கும் புது மனைக்கும் நடுவில் இன்னொருவர் வீடு மாதிரி. அதை நகர்த்தாமல் நீட்ட முடியாது. விண்டோஸ் விஎம்மில் ரெக்கவரி பார்ட்டிஷன் இதே வேலையைச் செய்யும். இரண்டாவது, ஜிபிடி வகை டிஸ்க். அது தன் பட்டாவின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும். டிஸ்க் நீண்டதும் அந்தப் பிரதி நடுவில் மாட்டிக்கொள்ளும். கருவி "சரி செய்யவா?" என்று கேட்டால் பதறாமல் சரி என்று சொல்லலாம். பார்ட்டிஷன் டேபிளை வடிவமைத்தவர்களே ஒரு நகல் போதாது என்று நினைத்து இரண்டு வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், இந்தப் பதிவின் முக்கிய விஷயமே அதுதான் :-)

கடைசியில் வீடு. ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். சுருக்க வேண்டுமென்றால் அதை அன்மவுண்ட் செய்தாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் நீட்டலாம், சுருக்குவதை மறந்துவிடலாம். ஆகவே "சும்மா 200 ஜிபி போட்டு வைப்போம்" என்று தாராளம் காட்டாதீர்கள். போகிற வழி சுலபம், திரும்புகிற வழி கஷ்டம்.

நீட்டத்தான் வேண்டுமா?

இதை யாரும் கேட்பதில்லை. முதலில் எது இடத்தை அடைத்திருக்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் பழைய லாக் ஃபைல்களும், டவுன்லோடு செய்த பேக்கேஜ்களும்தான். உபுண்டு சர்வரை எல்விஎம்மோடு இன்ஸ்டால் செய்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நடுத்தர அளவு டிஸ்க் என்றால் அதன் இன்ஸ்டாலர் கிட்டத்தட்ட பாதி இடத்தை ஒதுக்காமலே விட்டுவைக்கும். டிஸ்க்கைத் தொடாமலே உங்களுக்கு இடம் கிடைக்கலாம்.

அதுவும் இல்லையென்றால் இரண்டாவது விர்ச்சுவல் டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, புராஜெக்ட் டேட்டாவை அதற்கு மாற்றலாம். பழைய டிஸ்க்கின் பட்டாவில் கை வைக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் மாணவர்களுக்கு இதுதான் முதல் வழி. நீட்டுவது கடைசி வழி.

ஸ்னாப்ஷாட் இருக்கே?

"அதான் ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சிருக்கேனே" என்பார்கள். ஸ்னாப்ஷாட் என்பது தனி நகல் கிடையாது. அன்றிலிருந்து நடந்த மாற்றங்களை மட்டும் தனி ஃபைலில் எழுதிக்கொண்டு போகும் ஏற்பாடு அது. அடிப்படை ஃபைல் கெட்டால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும். லேப்டாப் டிஸ்க் செத்தால் இரண்டும் ஒன்றாகவே சாகும். அதோடு ஸ்னாப்ஷாட் இருக்கும்போது டிஸ்க்கை நீட்ட விஎம்வேர் சம்மதிக்காது. விர்ச்சுவல்பாக்ஸில் அடிப்படை டிஸ்க் ஒரு அளவிலும் ஸ்னாப்ஷாட் வேறு அளவிலும் நின்று குழப்பும். நீட்டும் முன் ஸ்னாப்ஷாட்டுகளை ஒன்று சேர்த்து முடித்துவிடுவதுதான் முறை. நாம் பாதுகாப்பு என்று நம்பிய பொருளையே வேலைக்கு முன் கலைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் வெளியே ஒரு நகல் இல்லையென்றால் கையில் எதுவும் இல்லை.

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அவ்வளவு பெரிய புயல் எல்லாம் வேண்டாம். பார்ட்டிஷனை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தும் அரைமணி நேரத்தில் யுபிஎஸ் இல்லாத லேப் கணினிக்கு ஒரு நிமிஷம் கரண்ட் போனால் போதும்.

பூட்டிய அறையில் ஒரே நகல்

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். தேவார ஏடுகள் கிடைத்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்போம். ராஜராஜ சோழன் காலத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி மூலமாக, மூவர் பாடிய ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடப்பதாக அரசனுக்குத் தெரிகிறது. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள். மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து திறக்கிறார்கள். உள்ளே ஏடுகள் மேல் புற்று. பெரும்பகுதியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியதில் தொகுத்ததுதான் இன்று நம் கையில் இருக்கும் சுமார் 800 பதிகங்கள். சம்பந்தர் மட்டும் 16,000 பதிகம் பாடினார் என்பது மரபு. அவருடையதில் கிடைத்தது 400-க்கும் குறைவு.

இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்திருக்கிறோம் என்று அசரீரி சொன்னதாகக் கதை முடியும். பக்தியோடு பார்த்தால் அது ஆறுதல். கணினி மாணவனாகப் பார்த்தால் எனக்கு அந்த அறைதான் கண்ணில் படுகிறது. அறை பத்திரமாகத்தான் இருந்தது. பூட்டு இருந்தது, காவல் இருந்தது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. பத்திரம் என்று நினைத்துப் பூட்டி வைத்த இடத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

கதையின் அடுத்த பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பாடல் கிடைத்தாலும் பண் கிடைக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது? திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்து என்கிறது மரபு. அந்த ஊர் இப்போதைய ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலம் பக்கம், நம் கடலூர் மாவட்டம்தான். ஏடு இருந்த அறையில் இல்லாத ஒன்று வேறு ஊரில், வேறு வடிவத்தில், ஒரு குடும்பத்தின் நினைவில் இருந்ததால் பிழைத்தது.

இது கதை என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டுத் தொகுப்பில் இல்லை. 1917-இல் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. யாரோ ஒருவர் ஓலையை மட்டும் நம்பாமல் கல்லிலும் வெட்டி வைத்ததால் ஒரு பதிகம் கூடுதலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. வேறு இடம், வேறு பொருள். இன்றைக்கும் பேக்கப்புக்கு இதைத் தாண்டிப் புதிதாக ஒரு விதி யாரும் சொல்லவில்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான்

மாணவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நிறுத்துவதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. அவர்களிடம் ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். பதிப்பு பொருந்தாததால் தினசரி பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, எச்சரிக்கை மெயிலும் போய்ச் சேரவில்லை. காப்பாற்றியது, வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னால் தற்செயலாக எடுத்த ஒரு நகல். கறையான் அரித்த அறையும் இதுவும் ஒன்றுதான். திறந்து பார்க்கவில்லை.

2025 செப்டம்பர் 26-இல் தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஃபைல்களை வைத்திருந்த ஜி-டிரைவ் முழுதாக எரிந்தது. 858 டெராபைட். வெளியே நகல் இல்லை. சொன்ன காரணம், அளவு மிகப் பெரியது என்பதால் பேக்கப் எடுக்க முடியவில்லை என்பது. இடத்தைப் பெருக்கிக்கொண்டே போனார்கள், நகலைப் பெருக்கவில்லை. 20 ஜிபியை 80 ஆக்கிவிட்டு "இவ்வளவு பெரிய ஃபைலை எங்கே காப்பி எடுக்கறது" என்று கேட்கும் நண்பனும் இதையேதான் சொல்கிறான்.

அப்போ எப்படிச் செய்வது?

வரிசை முக்கியம். விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள், சேவ் ஸ்டேட் போதாது. ஸ்னாப்ஷாட்டைத் தொடும் முன்பே முழு விஎம்மையும் ஓவிஏ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வேறொரு ஹார்டு டிஸ்க்கில் போடுங்கள். அதே லேப்டாப்பின் டி டிரைவ் வேறு டிஸ்க் ஆகாது. பென் டிரைவ் என்றால் அது ஃபேட்32 வகையா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும்.

அடுத்து, யாரும் செய்யாத வேலை. அந்த நகலை நண்பனின் லேப்டாப்பில் இம்போர்ட் செய்து பூட் பண்ணுங்கள். புராஜெக்ட் ஓடுகிறதா? டேட்டாபேஸில் கடைசியாகப் போட்ட வரி தெரிகிறதா? தெரிந்தால்தான் அது நகல். தெரியாதவரை அது பூட்டிய அறை.

அதற்கப்புறம்தான் ஸ்னாப்ஷாட்டை ஒன்று சேர்ப்பது, மனை, பட்டா, வீடு எல்லாம். வெளி லேப்டாப்பில் உண்மையாகவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 15 ஜிபி மட்டும் காலியாக இருக்கும் லேப்டாப்பில் 50 ஜிபி டைனமிக் டிஸ்க் உருவாக்க விர்ச்சுவல்பாக்ஸ் அனுமதிக்கும். உள்ளே எழுத எழுத ஒரு நாள் வெளியே இடம் தீர்ந்து மெஷின் அப்படியே நிற்கும். வேலை முடிந்ததும் பழைய நகலை உடனே அழிக்காதீர்கள், ஒரு வாரம் இருக்கட்டும்.

"நேரம் இல்லை, எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கக் காசு இல்லை" என்று சொல்வீர்கள். நியாயம்தான், எல்லோரிடமும் அது இருக்காது. ஆனால் உபுண்டுவை மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம், அதைக் காப்பாற்ற வேண்டாம். உங்கள் கையால் செய்தது மட்டும் வெளியே போனால் போதும். புரோகிராம் ஃபோல்டர், டேட்டாபேஸின் டம்ப், ரிப்போர்ட். பெரும்பாலும் சில நூறு எம்பிதான் வரும். பழைய பென் டிரைவிலும் அடங்கும், நண்பனின் கணினியிலும் அடங்கும். இதற்கு அரைமணி நேரம் ஆகும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி டெஸ்ட்டிஸ்க் போட்டுத் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடுவதற்கு எவ்வளவு ஆகும் என்று விடுதியில் விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாகக் கல்லூரிக்கு. அண்ணா பல்கலையின் 2013 பாடத்திட்டத்தில் கிரிட் அண்ட் கிளவுட் லேப் என்று ஒன்று இருந்தது. விர்ச்சுவல் மெஷினோடு ஒரு பிளாக்கை இணைத்து, மெஷினை விட்ட பிறகும் அதில் டேட்டா இருக்கிறதா என்று சோதிப்பது அதில் ஒரு பயிற்சி. நல்ல பயிற்சி, "இருக்கிறதா" என்று திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. அதையே ஒரு படி நீட்டினால் என்ன? விஎம்மை ஒருவர் எக்ஸ்போர்ட் செய்யட்டும், பக்கத்து சீட்டில் இருப்பவர் அதைத் திறந்து ஓட்டிக் காட்டட்டும். பிறகு டிஸ்க்கை நீட்டட்டும். ரெக்கார்டு நோட்டில் கமாண்டின் அவுட்புட்டை ஒட்டுவதோடு, நகல் எங்கே இருக்கிறது, யார் திறந்து பார்த்தார்கள் என்று இரண்டு வரி எழுதட்டும். வைவாவில் "எப்படி நீட்டுவாய்?" என்று கேட்பவர்கள் "போய்விட்டால் எங்கிருந்து எடுப்பாய்?" என்றும் கேட்கட்டும். ஒரு லேப் பீரியட் போதும், புதுச் செலவும் எதுவும் கிடையாது.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். வகுப்பில் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் நகலை இன்னொருவர் வைத்துக்கொள்ளலாம். என் பக்கத்து பெஞ்ச் ஆளிடம் இதை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அவர் லேப்டாப்பில் 60 ஜிபி காலியாக இருக்கிறதாம். நீங்களும் உங்கள் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பி.கு: அவசரத்தில் யாருக்காவது பார்ட்டிஷன் காணாமல் போயிருந்தால், அந்த விஎம்மை மறுபடி மறுபடி பூட் செய்யாதீர்கள், புதிதாக எதையும் எழுதாதீர்கள். முதலில் அந்த டிஸ்க் ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுங்கள். மீட்கும் முயற்சி எல்லாம் காப்பியில் மட்டும்.